நிலைப்படியும் இடது காலும்

வேதமணி குடியைக் கெடுக்க வந்தவளாம்! சொன்னது யார்? பக்கத்து வீட்டு ரெங்கம்மாள். தெருவே அதைத் தலையாட்டிக் கேட்டதாம். கேட்கிற காதுக்கு ஒரு நிதானம் வேண்டாமா? ஆறு மாதம் தினமும் வெயிலில் நடந்து வந்து, ஒரு வாய்க் காப்பித்தண்ணி தவிர எதையும் வாங்காமல், விழுந்து கிடந்தவளை எழுப்பி நிறுத்தியவள் வேதமணி. மிஷன் ஆஸ்பத்திரி எலும்பு வார்டில் பன்னிரண்டு வருஷம் ஆயா வேலை பார்த்தவள். எந்தக் கால் எப்போது எழும்பவேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் ரெங்கம்மாளுக்கா தெரியும்?

விழுந்து கிடந்தவள் வெயிலுகந்தம்மாள். நயா பைசா வந்த வருஷம், கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவளுக்கு ஒரே நாளில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கழுகுமலையில் ஒரு அண்ணன், ஆறுமுகசாமி. தங்கமான மனுஷன், தொல்லையே அதுதான். வரும்போதெல்லாம் தங்கச்சியைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்.

"தூக்காதீங்க அண்ணாச்சி! நீங்க தூக்கினா அந்தக் கால் எப்பத்தான் படிக்கும்?" என்று வேதமணி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது.

கடைசியில் அவர் கெடு வைத்துவிட்டார். "வார மாசி மொத வெள்ளிக்கிழமை வண்டியோட வாரேன். நீயா வாசலைத் தாண்டி வந்துட்டா இங்கனயே இரி. இல்லன்னா வீட்டைப் பூட்டிட்டுக் கெளம்பு தாயீ."

அண்ணன் வீட்டுச் சோறு அவளுக்குக் கசப்பில்லை. ஆனால் இந்த ஓட்டு வீடு, குச்சி குச்சியாக அடுக்கி அவள் கட்டியது.

வீட்டுக்குள் கம்பூன்றி நன்றாகத்தான் நடந்தாள். நிலைப்படிக்கு வந்தால் மட்டும் தொப்பென்று விழுவாள். ஒரு தடவையா, இரண்டு தடவையா? வேதமணிக்கு வெறுத்துப் போயிற்று. அடுப்பில் பருத்திமார்க் குச்சி எரித்த சாம்பலை அள்ளித் தரையெல்லாம் தூவினாள். நடக்கவிட்டு, குனிந்து தடம் பார்த்தாள். இடது பாதம் முழுசாகப் பதிந்திருந்தது. வலது பாதம் பெருவிரலால் கோடு இழுத்திருந்தது. சரி, அது தெரிந்ததுதான். ஆனால் நிலைப்படிக்கு முன்னால் இடது பாதம் இருந்த இடத்திலேயே மூன்று தடவை மிதித்திருந்ததே, அது ஏன்?

"இங்கன வந்து ஏன்க்கா கால் மாத்துதே?"

"வலது காலை வச்சுத்தானட்டி வாசலைத் தாண்டணும்?"

வேதமணி சாம்பல் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள். தரையிலேயே எழும்பாத காலைக் கொண்டுபோய்ப் படிக்கு மேலே முதலில் தூக்கினால் விரல் தட்டாமல் என்ன செய்யும்?

"கம்பை வெளிய ஊனு. இடது காலைத் தாண்டி வை. பாரத்தை அது மேல சாய். பெறகு இடுப்பைத் தூக்கி அந்தக் காலை இழுத்துக்கோ. அவ்வளவுதான்!"

சுவருக்கு அந்தப் பக்கம் ரெங்கம்மாளின் காது இருந்தது. "இடது காலை வைக்கச் சொல்லுதாளே சர்ச்சுக்குப் போற வேதக்காரி, வீடு வெளங்குமா மதினி?"

அவ்வளவுதான், வெயிலுகந்தம்மாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த இரண்டு நாளும் பிடிவாதமாக வலது காலையே வைத்தாள், விழுந்தாள். முட்டித் தோல் உரிந்தது.

"வெளங்காமப் போக இன்னும் என்னக்கா மிச்சம் இருக்கு? அந்த இன்னொரு முட்டிதான்," என்று எரிந்து விழுந்தாள் வேதமணி.

கெடு வைத்த வெள்ளிக்கிழமை வண்டி வாசலில் நின்றது. ஆறுமுகசாமி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். வேதமணி குறுக்கே நின்றாள்.

"தொட்டீங்கன்னா நான் இந்தத் தெருப்பக்கமே வரமாட்டேன் அண்ணாச்சி."

வெளியே இருந்து ரெங்கம்மாள் கூவினாள்: "வலது காலு மதினி, வலது காலு!"

நிலைப்படிக்கு முன்னால் வெயிலுகந்தம்மாள் நின்றுவிட்டாள். ரெங்கம்மாளைப் பார்த்துச் சொன்னாள்:

"பால் காய்ச்சின அன்னைக்கு வலது காலை வச்சுத்தான் இந்த வீட்டுக்குள்ள வந்தேன். அந்தக் கால்தான என்னைக் கவுத்துச்சு? ஒன் வாசல்ல நீ எந்தக் காலை வேணும்னாலும் வையி."

கம்பு வெளியே போயிற்று. இடது கால் போயிற்று. உடம்பு சாய்ந்தது, இடுப்பு எழும்பியது. வலது பெருவிரல் மரத்தில் சர்ரென்று உரசியது. ஆறுமுகசாமியின் கை தானாக நீண்டது. வேதமணி பட்டென்று அதில் ஒரு அடி போட்டாள். கால் தாண்டிவிட்டது.

வெயிலுகந்தம்மாள் இரண்டு எட்டு வைத்து வண்டி மாட்டின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, வண்டியை அந்தாக்குல தள்ளி நிறுத்து. நடக்க வழியில்லாம அடைச்சுக்கிட்டு நிக்குது."