இடது பக்கத்துச் சீட்டு

வண்டி வாங்கப் போனால் விற்கிறவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியில் பாதியை மட்டும் நம்புகிற ஆள் நான். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன்... இது நடந்தது. எனக்கே நடந்தது. என் மனைவி ஹேசலைக் கேட்டுப் பாருங்கள். முப்பது வருடமாக நாங்கள் இரண்டு பேரும் எதிலும் ஒத்துப்போனதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரே கதைதான் வரும்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய டிசம்பர். யார்க்‌ஷயரில், மேட்டுநிலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் வண்டி விற்கிறார் என்று விளம்பரம் பார்த்தேன். எழுபத்திரண்டாம் வருடத்து எம்.ஜி. கார். கரும்பச்சை. இரண்டே சீட், துணிக்கூரை. இருபது வயதிலிருந்து நான் ஏங்கிய வண்டி. விலை பன்னிரண்டாயிரம் பவுண்டு. ஓடியிருப்பது இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரம் மைல்!

ஹேசல் அதை இரண்டு தடவை படித்தாள்.

"நிலாவுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துட்டு இருக்கா இந்த வண்டி?" என்றாள்.

அவள் சிரித்தாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஏனென்றால் இந்த வியாபாரத்தில் மைல் ஏற ஏற விலை இறங்கும். இதே வண்டி கொஞ்சமாக ஓடியிருந்தால் பதினைந்தாயிரத்துக்குக் குறைந்து தொடவே முடியாது. இவ்வளவு ஓடிய வண்டிக்கு ஏழில் ஆரம்பித்து எட்டில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நான் வரும்வரை எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று கிழவரிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். சூடு பண்ணி வைத்த எஞ்சின் தன் நோயைக் காட்டாது.

அவர் பெயர் ஆர்னல்ட் பிக்கர்ஸ்கில். எண்பத்திரண்டு வயது. தனி வீடு, பக்கத்தில் ஒரு கொட்டகை, சுற்றிலும் ஆடும் காற்றும்தான். ஹேசலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். என்னைப் பார்த்ததும் மாட்டிக்கொண்டார்.

"பார்த்துக்க தம்பி. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, டீ போட்டுத் தர ஹேசலை உள்ளே கூட்டிப் போய்விட்டார்.

பானெட்டில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை, இருமல் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், விலை குறைக்க ஏதாவது வேண்டுமே. டார்ச்சை எடுத்துக்கொண்டு மண்டியிட்டேன். கதவுக்குக் கீழே துரு. நல்லது. ஒரு டயர் மொட்டை. ரொம்ப நல்லது. ஓட்டுகிறவர் சீட் நைந்திருந்தது, அத்தனை மைலுக்கு அது நியாயம்.

அப்புறம் இடது பக்கக் கதவைத் திறந்தேன்.

அந்தச் சீட்டும் அதே அளவு நைந்திருந்தது. கீழே காலடி விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. விரிப்பு போய், அதன் அடியிலிருந்த கம்பளி போய், தகரம் பளபளவென்று தெரிந்தது. வலது கால் படுகிற இடத்தில் மட்டும்.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லார் வீட்டிலும் இப்படி ஒருத்தர் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வளைவு வந்தால் போதும், இல்லாத பிரேக்கை மிதிப்பார். ஹேசல் மிதிக்கிற மிதியில் எங்கள் வண்டியின் தரையே ஒரு நாள் கழன்று விழப்போகிறது.

கிழவர் திரும்பி வந்ததும் விரலை நீட்டிக் காட்டினேன்.

"யார் வேலை இது?"

"டோரீன். என் பொண்டாட்டி" என்றார். "ரெண்டு தடவை புதுசு போட்டுட்டேன். அப்பவும் ஓட்டையாக்கிடுறா. பயந்த சுபாவம்."

அந்த அம்மா வீட்டுக்குள் எங்கேயோ இருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பேரம் தொடங்கியது. மைலைச் சொன்னேன், துருவைச் சொன்னேன், மொட்டை டயரைச் சொன்னேன், விரிப்பைச் சொன்னேன். ஏழாயிரம் என்றேன். அவர் கோபப்படவில்லை. கண்பார்வையில் நடுப்பகுதி போய்விட்டதாம், வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் எழுதிவிட்டாராம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் முதியோர் இல்லம். அங்கே கொட்டகை கிடையாது.

"தினமும் ஓட்டுவியா?" என்று கேட்டார்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"தினமும் ஓட்டுறதா இருந்தா எட்டாயிரம். துணி போட்டு மூடி வைக்கிறவனுக்குப் பன்னெண்டு, ஒரு பென்னி குறையாது."

இப்படி ஒரு விலையை என் ஆயுளில் கேட்டதில்லை. நல்ல வெயில் நாளாகப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கலாம் என்பதுதான் என் எண்ணம். ஹேசல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னேன். அவர் வண்டியை ஒரு தடவை சுற்றி வந்தார்.

"மழையானாலும் எடுப்பேன்னு சொல்லு. ஒன்பதரைக்குத் தரேன்" என்றார். "நின்னுட்டா அவளுக்கு ஆகாது தம்பி. ஓடிட்டே இருக்கணும்."

சரி என்றேன். வங்கி வழியாகப் பணத்தை அங்கேயே அனுப்பினேன். சாவியை என் கையில் வைத்தார். இடது பக்கம் போய்க் கதவைத் திறந்தார். குனிந்து, காலிச் சீட்டின் பக்கம் முகத்தைக் கொண்டுபோய் என்னவோ மெதுவாகச் சொன்னார். பெல்ட்டை இழுத்து மாட்டினார். கதவை மெல்லச் சாத்தினார். அப்புறம் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார், நாங்கள் கிளம்பும்வரை திரும்பவே இல்லை.

மணி மூன்று நாற்பது. எங்கள் ஊரில் டிசம்பரில் அதுவே இருட்டுகிற நேரம். நான் முன்னால் எம்.ஜி.யில். ஹேசல் பின்னால் எங்கள் வண்டியில்.

முதல் வளைவில் அந்தச் சத்தம் கேட்டது.

டப்.

தகரத்தில் செருப்புக் குதிகால் படுகிற சத்தம். பழைய வண்டி, ஏதாவது ஆடும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வளைவு. டப்.

ஹீட்டரைத் திருகினேன். என் பக்கம் சூடு வந்தது. இடது கை மட்டும் விறைத்தது. இலேசாக ஒரு வாசனை... முகப்பவுடர் வாசனை.

அப்புறம் ரோடு நேரானது. மேட்டின் மேல் மூன்று மைலுக்கு வளைவே கிடையாது. ஆடு இல்லை, எதிரே வண்டி இல்லை.

டப். டப்.

இங்கே எதற்கு?

வேகத்தைக் குறைத்தேன். முப்பது. இருபது. சத்தம் நிற்கவில்லை. தூரம் போகப் போக அதிகமானது. டப்... டப்... டப், டப், டப்.

பின்னால் ஹேசல் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள். ஹார்னை விடாமல் அடித்தாள். ஓரமாக நிறுத்தினேன்.

அவள் இறங்கி வந்தாள். பக்கத்தில் வரவில்லை. ஐந்தடி தள்ளியே நின்றாள்.

"யாரை ஏத்திட்டு வந்தே நெவில்?"

"யாரையும் ஏத்தலையே."

"தலையில ஸ்கார்ஃப் கட்டியிருக்காங்க. திரும்பித் திரும்பிப் பின்னாடி பார்க்கறாங்க. அழறாங்க."

பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன். காலி. பெல்ட் மட்டும் விறைப்பாக... ஒரு உடம்பைப் பிடித்திருப்பது போல, சீட்டைத் தொடாமல் நின்றது.

அந்தக் கிழவர் மனைவியாக இருக்கும், எப்போதோ ஏறியிருப்பார் என்று உளறினேன்.

ஹேசல் தலையை ஆட்டினாள்.

"டீ போடும்போது சொன்னார். அவங்க செத்து இருபத்தாறு வருஷம் ஆச்சு."

காற்று. வேறு சத்தமே இல்லை.

டப்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. எஞ்சினையும் அணைத்துவிட்டேன். அப்போதும்...

டப்.

ஓடிப்போயிருப்பேன். ஆனால் அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. இருபத்தாறு வருடமாக அந்த மனுஷன் எதற்காக அவ்வளவு மைல் ஓட்டினார் என்று புரிந்தது. ஓட்டினால்தான் டோரீன் வருவாள். கண் போனதும், தன்னால் இனி முடியாது, வேறு யாராவது ஓட்டினாலாவது அவள் இருப்பாளே என்று அவளை அனுப்பிவிட்டார். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார். அவளோ அவரை விட்டு வர மாட்டேன் என்கிறாள். அந்த மைலைக் காட்டித்தான் நான் விலையை வெட்டினேன். அழுதேன். சொல்வதற்கு வெட்கமில்லை.

வண்டியைத் திருப்பினேன்.

சத்தம் நின்றது.

வழியெல்லாம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வளைவுகளிலும் இல்லை.

கொட்டகை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். கோட்டுகூடப் போடவில்லை. நாங்கள் போனதிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். வண்டி உள்ளே வந்ததும் நேராக இடது கதவுக்குப் போனார்.

"என்ன தம்பி, ஏதாவது கோளாறா?"

"வண்டி நல்லாத்தான் இருக்குங்க ஐயா. அவங்கதான் வர மாட்டேங்கறாங்க."

கதவைத் திறந்து, சீட்டின் ஓரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பணத்தை மெதுவாகத் திருப்பி அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டு, சாவியைச் சீட்டில் வைத்துவிட்டு வந்தோம். ஹேசல் வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

மூன்றாம் நாள் ஒரு போன். அவருடைய தங்கை மகன், டெரன்ஸ் என்று பெயர் சொன்னான். நாங்கள் வந்துபோன மறுநாள் காலையே ஆர்னல்ட் போய்விட்டாராம். தபால் கொண்டுவந்த பெண்தான் கொட்டகையில் பார்த்திருக்கிறாள். வண்டிக்குள், இடது பக்கத்துச் சீட்டில், பெல்ட் போட்டபடி உட்கார்ந்திருந்தாராம். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, வலி இருந்திருக்காது என்று மருத்துவர் சொன்னாராம். டயரெல்லாம் ஈரம், பானெட்டில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு என்று அந்தப் பெண் சொல்கிறாளாம். அதை மட்டும் அவனால் நம்ப முடியவில்லை.

டெரன்ஸ் நேர்மையான பையன். என் பணம் மாமா கணக்கில் இருக்கிறது, வண்டி இங்கே இருக்கிறது, அதனால் வண்டி எனக்குத்தான் என்றான். ஆனால் ஒரு குறை இருக்கிறது, அதை மறைத்து விற்க அவனுக்கு மனமில்லையாம்.

"ஓட்டற சீட்டு முன்னாடி போய் மாட்டிக்கிச்சுங்க. ஸ்டீயரிங்கை ஒட்டி நிக்குது. எங்க யாராலயும் அதுல உக்காரவே முடியலை, பின்னாடி தள்ளினா நகர மாட்டேங்குது. மாமா ஆறடி. அவர் எப்படித்தான் ஓட்டினாரோ? அதுக்கு எவ்வளவு குறைச்சுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

ஒரு பவுண்டுகூடக் குறைக்க வேண்டாம், அந்தச் சீட்டில் யாரும் கை வைக்கவும் வேண்டாம் என்றேன். அப்புறம், அவன் அத்தை டோரீன் எப்படி இருப்பார் என்று கேட்டேன்.

"அத்தையா? சின்ன உருவம். நாலே முக்கால் அடிதான் இருப்பாங்க" என்றான். "மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பயந்துட்டு, கடைசி வரைக்கும் வண்டி ஓட்டக் கத்துக்கவே இல்ல."