அம்மா இழுத்த வில்

அன்று கத்திவாக்கத்து மணலில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் தங்கை செல்வி, வண்ணாரப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்த கல்லூரித் தோழன் அன்வர், மீன் விற்று முடித்துக் காலிக் கூடையோடு கடைசியாக வந்து சேர்ந்த அம்மா. இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பா துறைமுகத்தில் பகல் ஷிப்டில் இருந்தார். இன்னொருத்தி ஹேசல். இங்கிலாந்தில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய ஒரு காலையில் அவள் தேநீர் போட்டுக்கொண்டிருந்திருப்பாள். என் கையிலிருந்த வில் அவளுடையது.

இப்படி ஆள் கணக்கு எடுப்பது இங்கிலாந்துக்கு வந்தபின் ஒட்டிக்கொண்ட பழக்கம். நான் இப்போது இருக்கும் சிறிய ஊரில் ஞாயிறு காலை ஒரு புல்வெளியில் வில் பயிலக் கூடுகிறோம். வந்தவர் பெயருக்கு நேரே ஒரு நோட்டில் டிக் விழும். வராதவர் ஏன் வரவில்லை என்று விசாரணையும் நடக்கும். அதற்குப் பிறகுதான் வில் பையைத் திறக்கலாம். ஒரு விசில் கேட்டால் எய்யலாம், மூன்று கேட்டால் எல்லோரும் சேர்ந்து நடந்துபோய் அம்புகளைப் பிடுங்கி வரலாம். கன்டெய்னர் லாரிகளின் சந்துக்குள் ஒரே பைக்கில் மூன்று பேராகப் பள்ளிக்கூடம் போனவன் நான். முதல் மாதம் எனக்கு இதெல்லாம் பெரிய கூத்தாகப் பட்டது. ஒருநாள் என் அம்பு பலகையைத் தாண்டிப் புல்லுக்குள் புதைந்துவிட்டது. உடனே எய்வதை நிறுத்திவிட்டு, பதினான்கு பேர் வரிசையாக நின்று காலால் புல்லைத் தடவித் தடவி இருபது நிமிடம் தேடினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவரிடம், "என் ஒரு அம்புக்காக இவ்வளவு அன்பா?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உருகினேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்து, "நாளைக்குப் புல் வெட்டுகிற வண்டி வரும். அதன் பிளேடு போய்விடும்" என்றார்.

நான் அந்த ஊரில் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படிப்பு, வேலை, பணம் அனுப்புவது, இவ்வளவுதான் திட்டத்தில் இருந்தது. ஓய்வு வந்தால் என்ன செய்வது? நூலக வாசலில் 'புதியவர்களுக்கு ஆறு வாரப் பயிற்சி' என்று ஒட்டியிருந்த தாளைப் பார்த்துப் போய் நின்றேன். பயிற்சி தந்தவள் ஹேசல். வயது இருபத்தொன்பது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். "முன்னால் எதையாவது சுட்டிருக்கிறாயா?" என்று கேட்டாள். "பலூன்" என்றேன். கடற்கரையில் பலகையில் கட்டிவைத்த பலூன்களை ஏர்கன்னால் சுட்டதை நினைத்துத்தான் சொன்னேன். அவள் கண்கள் விரிந்தன. "பறக்கிற பலூனையா?" நான் விளக்கத் தொடங்குவதற்குள் அவள் மற்றவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மூன்று வாரம் எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான்காவது வாரம் அவர்கள் முன்னால் முதல் தடவையாக எய்தேன். அந்த மரியாதை போய்விட்டது.

முதலில் கையில் கொடுத்தது ரிகர்வ் வில். இரு முனைகளும் வெளிப்பக்கமாக மடங்கியிருக்கும். மூன்று துண்டுகளாகக் கழற்றிப் பையில் போடலாம். அதில் குறிபார்க்கும் சாதனம் எதுவும் எங்களுக்குக் கிடையாது, கண்தான் கருவி. நாணை இழுத்து வாயோரத்தில் கையை நிறுத்த வேண்டும். எனக்குத் தோள் நடுங்கும். "கையால் இழுக்காதே, முதுகால் இழு" என்று ஹேசல் சொல்லிக்கொண்டே இருப்பாள். முதுகால் எப்படி இழுப்பது? எனக்கு விளங்கவேயில்லை. விரல் நுனிகள் கொப்புளித்தன. வீட்டுக்கு வந்து கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சின்ன வயதில் கரைக்கு ஓடிப்போய் வலைக் கயிற்றில் கை வைத்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். "படிக்கிற கைடா அது. கயிறு புடிச்சா கொப்புளிக்கும். அப்பால பேனா எவன் புடிப்பான்?" என்பாள். மீன் பெட்டி, ஐஸ், தண்ணிக்குடம் எதையும் தொடவிடமாட்டாள். அப்படிக் காப்பாற்றிய கையை இங்கே மாதச் சந்தா கட்டிக் கொப்புளிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் கழித்து லாங்போவுக்கு வந்தேன். ஆறடி நீளத்தில் ஒரே மரக்கழி. பிடித்திருக்கும் கையின் முஷ்டிமேல்தான் அம்பு உட்கார வேண்டும். ரிகர்வ் கொஞ்சம் தவறைப் பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்காது. ஆனால் சரியாக வந்துவிட்டால், அம்பு போவதை உடம்பே கேட்கும். அந்த ஒரு கணத்துக்காக ஒரு வாரம் முழுக்கக் காத்திருக்கலாம் என்று தோன்றும். வீடியோவில் பார்த்துவிட்டு அம்மா, "அத்த ஊருக்கு எடுத்துகினு வாயேன், பாக்கலாம்" என்றாள். என்னிடம் சொந்த வில் இல்லை. தயங்கித் தயங்கி ஹேசலிடம் அவளுடையதைக் கேட்டேன். பேருந்து ஓட்டிய முதல் சம்பளத்தில் அவள் வாங்கிய வில் அது. உறையிலிருந்து எடுத்து ஒருமுறை தடவிவிட்டுக் கொடுத்தாள். "ஒன்றே ஒன்றுதான். அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடவே கூடாது. விசை போக இடமில்லாமல் மரத்துக்குள்ளேயே திரும்பும். உடைந்துவிடும். மற்றதெல்லாம் சரிசெய்துகொள்ளலாம்." நான் வாக்குக் கொடுத்தேன். அந்த ஊரில் என்னை நம்பி ஒருவர் ஒரு பொருளைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் ஒன்றுக்குள் வில்லைச் செருகி விமானத்தில் ஏற்றினேன். சென்னையில் சுங்க அதிகாரி குழாயைத் தட்டி, "உள்ள இன்னா?" என்றார். "வில் சார்." "எந்த நாடகத்துக்கு?" "நாடகம் இல்ல சார், விளையாட்டு." அவர் பின்னால் நின்றவரைப் பார்த்து, "பிளம்பிங் சாமான்னு போட்டு அனுப்புய்யா" என்றார்.

முகத்துவாரத்துப் பக்கம் தூர் வாரிக் கொட்டிய மணல் மேடு ஒன்று உண்டு. அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. அன்வர் தன் வாப்பாவின் கடையிலிருந்து வெட்டுத்துணிக் கழிவைக் கோணியில் அடைத்துக்கொண்டு வந்திருந்தான். அதை மேட்டில் சாய்த்துவைத்தோம். நான் நாணேற்றினேன். நாணுக்கும் வில்லுக்கும் நடுவே, கட்டைவிரலை நிமிர்த்திய ஒரு கைப்பிடி அளவு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தேன். செல்வியையும் அன்வரையும் எனக்குப் பின்னால் நிறுத்தி, வெறும் நாண் விஷயத்தை இரண்டு தடவை சொன்னேன். விசிலும் வைத்திருந்தேன்.

"இன்னா மாமு, ட்ராபிக் போலீஸாட்டம் ஊதிகினுகீற?" என்றான் அன்வர்.

"ரூல்ஸுடா."

"ஆமா, இங்க கடலு உன்னக் கேட்டுகினுதான் அலை அடிக்குது பாரு."

ஆறு அம்புகள் எய்தேன். நான்கு கோணியில் பாய்ந்தன. அன்வர் முறை வந்தது. பாதி இழுப்பதற்குள் அவன் கைகள் தந்தி அடித்தன. அம்பு பத்தடி தூரத்தில் குப்புற விழுந்தது. "பேஜாரு புடிச்ச கட்டை இது" என்று வில்லைத் திட்டினான். செல்வி அவனைவிட நன்றாக இழுத்தாள். அது அவனுக்கு இன்னும் பேஜார்.

அப்போதுதான் அம்மா வந்தாள். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மூணு பேரு குந்திகினு ஒரு கம்ப வளைக்கத் தெரில. எங்க, இப்பிடிக் குடு."

"எம்மா, வாணாம். தோள் வலிக்கும்."

"யாருக்கு? எனக்கா?" என்று சிரித்தாள்.

கொடுத்தேன். கொடுக்கும்போது அம்பு கொடுக்கவில்லை. வெறும் நாணை விடக்கூடாது என்று அவளிடம் சொல்லவும் இல்லை. ஒரு சாண் இழுத்துப் பார்த்து, கை வலிக்கிறதென்று திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவள் இழுப்பாள் என்றே நான் நினைக்கவில்லை.

அம்மா கால்களை அகட்டி நின்றாள். ஏல மேடையில் ஐஸ் நிரப்பிய பெட்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது எப்படி நிற்பாளோ அப்படி. முழங்கை பின்னால் போனது. முதுகில் இரண்டு தோள்பட்டை எலும்புகளும் ஒன்றையொன்று நெருங்குவது ரவிக்கைக்குள் தெரிந்தது. ஆறு மாதம் ஹேசல் எனக்கு வாயால் சொல்லிச் சொல்லிப் புரியாத அந்த இழுப்பு என் கண்ணெதிரே நடந்தது. வாயோரம் தாண்டிக் காதுவரைக்கும் இழுத்துவிட்டாள். கை நடுங்கவில்லை.

"அத்தே! செம!" என்று கத்தினான் அன்வர்.

அம்மா எங்களைப் பார்த்துக் கண்ணடித்தாள். எங்கள் கோயில் திருவிழாக் கூத்தில், வில்வீரன் வேஷம் கட்டியவன் பந்தலுக்குள் வந்ததும் முதல் காரியமாக நாணை இழுத்துச் சுண்டி ஓசை எழுப்புவான். சனங்கள் விசிலடிப்பார்கள். வில் எடுத்தவன் முதலில் செய்ய வேண்டியது அதுதான் என்று எங்கள் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

"எம்மா, வுடாத!" என்று நான் பாய்வதற்குள் விட்டுவிட்டாள்.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிடிக்கு மேலே வில் இரண்டாக முறிந்து, நாணில் தொங்கியது. நாண் உரசி அவள் முன்னங்கையில் சிவப்பாக ஒரு கோடு. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா கோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"இது யார்துடா?"

"என்னுதுதாம்மா. வுடு."

"அந்த பஸ் ஓட்டற அக்காவோடதும்மா" என்றாள் செல்வி. "மொத சம்பளத்துல வாங்குனது."

அம்மா கவிழ்த்த கூடைமேல் மறுபடி உட்கார்ந்தாள். நான் எல்லாத் தவறும் என்னுடையது என்றேன், சொல்லாமல் விட்டது நான்தானே என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. "போன் போடு அந்தப் பொண்ணுக்கு. மூஞ்சி தெரியற மாதிரி போடு."

போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினேன். இனி அந்தப் புல்வெளியில் எந்த முகத்தோடு போய் நிற்பது? டிக் போடும் நோட்டில் என் பெயர் இருக்குமா? ஹேசல் திரையில் வந்தாள். அம்மா போனைப் பிடுங்கி, மூச்சுவிடாமல் பேசினாள். உடைத்தது நான், என் பிள்ளை இல்லை, அவன் பொருளைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தான், கூத்து ஞாபகத்தில் விட்டுவிட்டேன், எனக்குத் தெரியாது, தெரியாது என்பதால் உடையாமல் இருந்துவிடவில்லை. நான் ஆங்கிலத்தில், "அம்மா வில்லை உடைத்துவிட்டார், மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன்.

"நான் அவ்ளோ பேசிகினுகீறேன், நீ ரெண்டு வார்த்தைல முடிக்கிற? ஒயுங்கா சொல்லுடா!"

முழுவதும் சொன்னேன். ஹேசல் முதலில் யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டாள். இல்லை என்றதும் முறிந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். பிறகு, "எவ்வளவு தூரம் இழுத்தார்கள்?" என்றாள். கோபத்தில் விசாரிக்கிறாள் என்று நினைத்து, "கொஞ்சம்தான்" என்று மழுப்பினேன். செல்வி எட்டிப் பார்த்துத் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். ஹேசலின் வாய் திறந்தபடி நின்றது. "காதுவரைக்குமா? என்னாலேயே அது முடிந்ததில்லை!" என்று கத்தினாள். வில் என்றால் ஒருநாள் உடையும், பணமெல்லாம் வேண்டாம் என்றாள்.

அதைச் சொன்னதும் அம்மாவுக்கு முகம் மாறியது. "மாப்பு குடுக்க இது இன்னா திருட்டா? வெலயச் சொல்லச் சொல்லு."

ஹேசல் யோசித்து, பழைய வில்தானே, நாற்பது பவுண்டு என்றாள். நான் ரூபாயில் சொன்னேன். முப்பது வருடம் மீன் விற்ற அம்மாவுக்கு ஒரு பொருளின் விலை தெரியாமல் போகுமா? "ஆறடி மரம், அந்த வெலையா? என்னப் பாத்தா பிச்சைக்காரியாட்டமா கீது? அவ காசுல நூறு சொல்லு." நான் நூறு என்றேன். ஹேசல் பதறிப்போய் ஐம்பது என்றாள். அம்மா தொண்ணூறுக்கு வந்தாள். வாங்குகிறவள் ஏற்ற, விற்கிறவள் இறக்க, நடுவில் நான் ஏலம் கூறினேன். இப்படி ஒரு பேரத்தை எண்ணூர் மார்க்கெட் பார்த்திருக்காது. அன்வர் மணலில் புரண்டு சிரித்தான். கடைசியில் ஹேசல் அம்மா உட்கார்ந்திருந்த கூடையைக் காட்டி அது எதற்கு என்று கேட்டாள். மீன் விற்க என்றேன். அப்படியானால் எண்பதும், அங்கே கடலில் கிடைக்கும் ஏதாவது ஒன்றும் என்றாள். அம்மா தலையாட்டினாள். இருவரும் திரைக்கு இருபுறமும் கையைத் தூக்கிப் பேரம் முடிந்ததாகக் காட்டினார்கள். அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பிடியோடு உள்ள துண்டை ஹேசல் கேட்டாள், கொண்டுவந்தேன். இப்போது புல்வெளி ஓரத்துக் கொட்டகையில் அது மாட்டியிருக்கிறது. உடைத்தவர் பெயரை அவள் கேட்டு எழுதியிருக்கிறாள். என் பெயர் அந்தச் சுவரில் எங்கும் இல்லை. மற்றத் துண்டை அம்மா விடவில்லை. மார்க்கெட்டில் அவள் கடையின் தார்ப்பாயை அதுதான் தாங்கி நிற்கிறது. வீடியோவில் பேசும்போது அவள் தலைக்குப் பின்னால் தெரியும். நான் இந்தப் பக்கத்துத் துண்டுக்குக் கீழே நின்று அந்தப் பக்கத்துத் துண்டைப் பார்த்துக்கொண்டே பேசுவேன்.

ஆன செலவு எண்பது பவுண்டு, ஒரு கிலோ காய்ந்த இறால்.