பரிசத் தட்டுக்கு மேல் ஒரு புழு

ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் தெரிந்தவனுக்குத் தனி மரியாதை உண்டு என்று நெடுநாள் நம்பியிருந்தேன். தினமும் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவனுக்குப் பாலத்து நெரிசலில், பஸ்ஸுக்குள் நின்றபடி செய்ய வேறு என்ன இருக்கிறது? கைப்பேசியில் அகராதி படிப்பேன். 'பட்டன்' பழைய பிரெஞ்சில் மொட்டு. 'பக்கிள்' லத்தீனில் சின்னக் கன்னம். போர்வீரனின் தலைக்கவசத்துக் கன்னப்பட்டையிலிருந்து நம் இடுப்புக்கு இறங்கிவிட்டது. இதையெல்லாம் பக்கத்தில் நின்றவர்களுக்கும் சொன்னேன். மறுநாள் அவர்கள் வேறு வரிசையில் நின்றார்கள்.

தங்கைக்குப் பரிசம் போட்ட அன்றும் இந்த ஞானம் என்னை விடவில்லை. அவளும் அந்தப் பையனும் நான்கு வருஷம் காத்திருந்தவர்கள். லாயாங் லாயாங்கில் இருக்கும் அவன் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. ஒருவழியாக மனம் இறங்கித் தட்டுவரிசையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் கொண்டுவந்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு தங்கை சபையில் வந்து உட்கார்ந்தால்தான் பரிசம் நிறைவேறும். அவள் சேலை மாற்ற அறைக்குள் போனாள்.

அந்தப் பத்து நிமிடத்தை நிரப்பும் பொறுப்பை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். அந்தச் சேலை என்ன மாதிரி சிவப்பு என்று யாரோ கேட்க, மாப்பிள்ளையின் அக்கா 'கிரிம்சன்' என்றார். எனக்கு நாக்கு அரித்தது. அது நம் பக்கத்துச் சொல்தான் என்று ஆரம்பித்தேன். சமஸ்கிருதத்தில் புழுவைக் குறிக்கும் 'கிருமி', பாரசீகம், அரபு எல்லாம் சுற்றி ஐரோப்பா போய் 'கிரிம்சன்' ஆன கதையைச் சொன்னேன். பூச்சிகளைக் காயவைத்து இடித்துச் சாயம் எடுத்ததைக் கையாலும் செய்துகாட்டினேன், வெற்றிலைத் தட்டுக்கு நேர் மேலே.

மாப்பிள்ளையின் அம்மா பிறந்ததிலிருந்து சைவம். அவர் தன் மகள் பக்கம் திரும்பி, எங்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "நல்ல காரியம் நடக்கிற எடத்துல புழு, பூச்சின்னு பேசுறாங்க. எனக்கு மனசு சரியா இல்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாம் லா."

இப்போதைய சாயமெல்லாம் ரசாயனம்தான் என்று சமாதானம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பட்டே புழுவிலிருந்துதானே வருகிறது என்றும் சேர்த்தேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எங்கள் அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அப்போது அறைக்கதவு நான்கு விரல் அகலம் திறந்தது. வளையல் போட்ட கை ஒன்று வெளியே நீண்டது.

"அண்ணே, பின்னு ஒண்ணு குடு."

குரல் கம்மியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சுவர் அலங்காரத்திலிருந்து ஒரு பின்னைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தேன். அது அவள் விரலிடுக்கில் நழுவிக் கீழே விழுந்தது. 'பின்' லத்தீனில் இறகு என்று எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக அதைச் சொல்லவில்லை. அவளுடைய நான்கு வருஷத்தை ஒரு சொல்லுக்காகத் தொலைக்கப் பார்த்தேனே.

மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பையை நாற்காலியில் வைத்தார், குனிந்து பின்னை எடுத்தார், "தள்ளுங்க தம்பி" என்று என்னை விலக்கிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. இருவரும் வெளியே வந்தபோது தங்கையின் தோளில் முந்தானை ஒழுங்காகக் குத்தியிருந்தது. அவள் கண் அந்தச் சேலையைவிடச் சிவந்திருந்தது.

கல்யாணத்தன்று எனக்குக் கொடுத்த வேலை, மண்டப வாசலில் கார் நிறுத்த இடம் காட்டுவது. அதற்குக் கை மட்டும் போதும்.