மோகனதாஸ் பேசிய ஐரிஷ்

மோகனதாஸுக்கு ஐரிஷ் தெரியும் என்பது ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே பகுதித் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். சொன்னவர் மோகனதாஸேதான். மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, அயர்லாந்தின் டப்ளினில் பல் மருத்துவம் படித்து, ஆக்லாந்தில் ஓய்வுபெற்ற அவர், அந்த ஒரு சொல்லைப் பல காரியங்களுக்குப் பயன்படுத்தினார். அவர் இழுத்து இழுத்துப் பேசும் ஆங்கிலம் ஐரிஷ். அவருக்கு வரும் கோபம் ஐரிஷ். கோப்பியில் விஸ்கி ஊற்றினால் அதுவும் ஐரிஷ். அந்தப் பெயரில் தனியே ஒரு மொழி இருப்பதும் அவருக்குத் தெரியும். டப்ளின் தெருப் பலகைகளில் ஆங்கிலத்துக்கு மேலே எழுதியிருந்தது. படித்துப் பார்க்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மேவ் வந்து கதவைத் தட்டினாள். அவள் ஆக்லாந்தில் பிறந்தவள். அவளுடைய அம்மா நோரா அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து வந்தவர். நோராவுக்கு மறதி நோய் முற்றி, ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, பிறந்த வீட்டு மொழி மட்டும் மிஞ்சியிருந்தது.

"அம்மா எனக்கு அதைச் சொல்லித் தரவேயில்லை, தாஸ். இங்கே அதை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்பாள். நீங்கள் ஐரிஷ் பேசுவீர்கள்தானே? ஒருமுறை வந்து பேசுங்களேன்."

உள்ளேயிருந்து மனைவி ஷாமளாவின் குரல் வந்தது. "போங்க லா. இவ்ளோ நாளா எங்ககிட்ட அளந்தீங்கல்ல?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் மோகனதாஸ் வாயைத் திறந்தார். ஆனால் வெளியே வந்த சொல் "கண்டிப்பாக."

நோரா ஜன்னலோரம் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். மோகனதாஸுக்குத் தெரிந்த ஒரே ஐரிஷ் வார்த்தை மதுக்கோப்பையை உயர்த்தும்போது சொல்வது. நோராவின் கையில் இருந்ததோ இருமல் மருந்து. முதுகுக்குப் பின்னால் மேவ் காத்து நின்றாள். பதற்றத்தில் அவர் வாயில் தமிழ்தான் வந்தது.

"சாப்பிட்டீங்களாம்மா?"

நோராவின் முகம் மலர்ந்தது. மடமடவென்று பேசத் தொடங்கினார். மோகனதாஸ் "அப்படியா? ஐயய்யோ, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நோரா அவர் கையைத் தட்டிச் சிரித்தார். மேவ் நடைவழியில் நின்று அழுதாள்.

அதன்பிறகு எப்படி உண்மையைச் சொல்வது? வாரந்தோறும் போனார். முழங்கால் வலி, வெஸ்ட்கேட் வாகன நெரிசல், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் மகள் விஷாலினி என்று எல்லாவற்றையும் நோராவிடம் கொட்டினார். வீட்டில் யாரும் அவர் பேச்சை அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

ஒருநாள் மேவ் அந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்து, பள்ளியில் ஐரிஷ் படித்த டப்ளின் உறவுக்காரருக்கு அனுப்பிவிட்டாள். மோகனதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. பதில் வந்தது: "அத்தை பேசுவது தேன். அந்தப் பெரியவருடையது வடக்குப் பக்கத்து வழக்கு போலிருக்கிறது. அது எங்களுக்கு எப்போதுமே சரியாகப் புரியாது."

கேட்ட ஷாமளாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஆனால் மோகனதாஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இனியாவது யோக்கியமாக இருப்போம் என்று கைப்பேசியில் நிஜமாகவே ஐரிஷ் படிக்க ஆரம்பித்தார். கடற்கரையோரம் நடக்கும்போதெல்லாம் முணுமுணுத்தார். நாக்கு ஓரளவு வசப்பட்டதும், நோராவின் எதிரில் போய் நின்று, "நலமாக இருக்கிறீர்களா?" என்று சுத்தமான ஐரிஷில் கேட்டார்.

நோரா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, போய்விட்டதாக எல்லோரும் நினைத்திருந்த ஆங்கிலத்தில், தெளிவாகக் கேட்டார்: "நீங்கள் யார்? வழக்கமாக வருகிறவர் எங்கே? அவர் பேசினால்தான் எனக்குப் புரியும்."

அம்மாவின் வாயில் ஆங்கிலம் கேட்ட மேவ் ஓடி வந்து மோகனதாஸைக் கட்டிக்கொண்டாள். அவருடைய ஐரிஷால்தான் இது நடந்தது என்று தெரு முழுக்கச் சொன்னாள். மோகனதாஸ் மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஷாமளா மீன்கறியில் உப்பைக் குறைத்துவிட்ட கொடுமையை நல்ல ஈப்போத் தமிழில் சொல்லத் தொடங்கினார்.