முதுகுக்கு எட்டாத களிம்பு

முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி உடைமாற்றிவிடும் வேலை அவளுக்கு. முதலில் விரலிடுக்கில்தான் அரித்தது. பிறகு மணிக்கட்டு, இடுப்பு. சொறிசிரங்கு என்று சொல்லி இல்லத்து நர்ஸ் ஒரு களிம்பு கொடுத்தாள்.

அவமானம் பிடுங்கித் தின்றது. வீட்டில் மூச்சுவிடவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கை எட்டிய இடமெல்லாம் தடவினாள். முதுகு எட்டவில்லை. பாத்திரம் கழுவியதும் கையில் தடவிய களிம்பும் போயிற்று. அரிப்பு அடங்கும், மறுபடி கிளம்பும்.

ஒருநாள் மாமியாரும் சொறிய ஆரம்பித்தார். பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனார், "வேலை செய்ற இடத்துலேருந்து எதைக் கொண்டு வந்தீங்க அண்ணி?" என்று கேட்டுவிட்டு, அவள் மடித்த துணியைத் தொடாமல் நகர்ந்தாள். அன்றிலிருந்து அவள் படுக்கை சமையலறைக்குப் போனது.

லாரி ஓட்டும் கணவன் ஊர் திரும்பியதும் விஷயம் உடைந்தது. "எனக்கும்தான் அரிக்குது. இதுல என்ன கண்ணாமூச்சி?" என்றவன், எல்லோரையும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான்.

"களிம்பு நல்ல மருந்துதான்," என்றார் டாக்டர். "ஆனா கழுத்துலேருந்து கால்வரை இடம் விடாம தடவி, ராத்திரி முழுக்க வெச்சிருக்கணும். வீட்டுல எல்லாருக்கும் ஒரே நாள்ல வைத்தியம் நடக்கணும். இல்லேன்னா ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குத் திரும்பிடும்."

"இந்த வயசுல எனக்கு உடம்பெல்லாம் பூசணுமா? மாத்திரை இருந்தா குடுங்கம்மா," என்றார் மாமியார்.

"இருக்கு. இப்ப ஒரு தடவை, கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவை. அதுவும் நல்லா கேக்கும்."

"எனக்கும் மாத்திரையே குடுங்க டாக்டர். முதுகு எட்டல," என்றாள் அவள்.

டாக்டர் நாத்தனாரைப் பார்த்தார். "வயித்துல பிள்ளையோட உனக்கு மாத்திரை வேணாம்மா. களிம்புதான்."

அன்று மாலை, நிறைவயிற்றோடு குனிய முடியாமல் நாத்தனார் களிம்பும் கையுமாகத் திணறினாள். அதைப் பார்த்த அவள் போய்க் கீழே உட்கார்ந்து, அந்தப் பாதத்தை மடியில் வைத்துக் கால்விரல் இடுக்குவரை தடவினாள்.

"என்னைத் தொட்டா உங்களுக்குத் திரும்ப வராதா அண்ணி?"

"அதான் மாத்திரை முழுங்கியிருக்கேனே. நீ காலை ஆட்டாம இரு."

நாத்தனாருக்குக் கண் நிறைந்தது. "அன்னைக்கு வாய் நீண்டுடுச்சு," என்றாள். "முதுகைக் காட்டு," என்றாள் அவள்.

துணிகளை எல்லாம் கொதிநீரில் அலசினார்கள். தோலுக்குள் புகுந்த பூச்சி செத்த பிறகும் சில வாரங்களுக்கு அரிப்பு இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், யாரும் பதறவில்லை. மெல்ல அடங்கியது. அவள் படுக்கை சமையலறையிலிருந்து மறுபடி அறைக்கு வந்தது.

அதன் பிறகு இல்லத்து நர்ஸிடம் அவளே பேச்செடுத்தாள். "எனக்கு மட்டும் மருந்து குடுத்தா பத்தாதுக்கா. இங்க எல்லாரையும் பாக்கணும்." பார்த்தார்கள். அவள் வார்டில் பாதிப் பேர் வெளியே சொல்லாமல் சொறிந்துகொண்டிருந்தார்கள்.