றமீஸ் மச்சானின் மெசின் சீட்டு

என் மூத்த சகோதரி ஷாகிரா ராத்தாவின் கணவர் றமீஸ் மச்சான், கட்டாருக்குப் போகுமுன் பத்து வருடம் வயல் வட்டைகளில் உழவு மெசின் ஓட்டியவர். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஏறாவூரில் அவர்கள் வீட்டிலிருந்து தையல் பழகினேன்.

இரண்டு வருடத்துக்கு முன் விடுமுறையில் வந்தவர், பழைய இரும்புக்கடையில் உழவு மெசினில் சாரதி இருக்கும் சீட்டொன்றைக் கண்டு வாங்கி வந்தார். வட்ட ஓட்டைகள் போட்ட வெறும் இரும்பு. லொறியின் வில்லுத்தகட்டை வளைத்துக் காலாக்கி, அதன்மேல் பூட்டிக் கதிரையாக்கினார். அதில் ஏறி இருந்தால் மெல்ல ஆடியது.

“இனி வரம்பு மட்டுந்தான் வீட்டுக்குள்ள இல்ல” என்றாள் ராத்தா.

பாசிக்குடாவில் புது ஹோட்டல் ஒன்றுக்குத் தளபாடம் தெரிவு செய்யும் மட்டக்களப்பு மேர்லின், யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, நேரில் பிடித்தால் இதுபோல் பன்னிரண்டு எடுப்பதாகச் சொன்னார். அது கிடைத்தால் கட்டாருக்குத் திரும்புவதில்லை என்றார் மச்சான்.

வருகிற விருந்தாளியை வெறும் இரும்பில் இருத்துவது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. மச்சான் ஸ்பொஞ்ச் வாங்கி வந்தார். நான் மண்ணிற றெக்சினில் பொன்நிறக் கரை வைத்து மூன்று நாள் உறை தைத்தேன்.

மேர்லின் வந்து, அதில் ஏறி இருந்து, விளிம்பை விரலால் தடவினார். பிறகு தன் போனில் ஒரு படம் காட்டினார். வெளிநாட்டில் ஒருவர் அந்தக் காலத்திலேயே மெசின் சீட்டில் இப்படிச் செய்தாராம், நூதனசாலையில் காட்சிக்கு வைத்திருக்கிறார்களாம்.

“அதுல இரும்பு தெரியுது. இது எல்லாக் கடையிலயும் இருக்கிற கதிரைதானே” என்று பையைத் தோளில் மாட்டினார்.

உறையைக் கழற்றுகிறேன் என்று மச்சான் சொல்லியிருக்கலாம். என்னைப் பார்த்துவிட்டு, “சபீனா நல்லாத்தான் தைச்சிருக்கா மிஸ்” என்றார்.

நான் சவர பிளேடை எடுத்துத் தையலை அறுத்தேன். ஸ்பொஞ்ச் கழன்றதும் அந்த ஓட்டைகள் தெரிந்தன. முன்பு மச்சான் உடுத்த சாரனில் அவை சேற்று வட்டங்களாகப் பதிந்திருக்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ராத்தாவுக்கும் எனக்கும் கை நோகும்.

ஓட்டைகள் எதற்கு என்று மேர்லின் கேட்டார்.

“மழைத்தண்ணி நிக்காது மிஸ். இறங்காம உழலாம்” என்று தொடங்கிய மச்சான், எந்த வட்டையில் எந்த மழையில் உழுதார் என்பதெல்லாம் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மேர்லின் மறுபடி அதிலேயே இருந்து கேட்டார். போகும்போது பன்னிரண்டுக்கும் ஓடர் சொல்லிவிட்டுப் போனார்.

ராத்தா உள்ளே போய், பாதி அடுக்கியிருந்த பயணப் பையிலிருந்து மச்சானின் உடுப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.