கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைப் பட்டைகள்

போச்சம்பள்ளி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வின்சி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். அங்கே அந்த வண்டியில் ஏறிய முதல் பெண். பாரம் தூக்கிக்கொண்டு அவள் திரும்பும் லாவகத்தைப் பார்த்து லாரி டிரைவர்களே ஓரமாக நின்று வழிவிடுவார்கள்.

போன சித்திரையில் ஒரு காலை, அலுவலகத்தின் கண்ணாடிச் சுவரடியில் ஒரு குருவி விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டு வடக்கே திரும்பும் ஆறுமணிக்குருவி. கண்ணாடியில் தெரிந்த மரத்தை நிஜமென்று நம்பி மோதியிருந்தது. வின்சியின் உள்ளங்கையிலேயே அதன் உயிர் போயிற்று.

இந்த வருடம் பங்குனியிலேயே அவள் மேனேஜர் மூர்த்தியிடம் அனுமதி வாங்கிவிட்டாள். கூட வேலை செய்யும் ஜோதிமணி ஏணியைப் பிடித்துக்கொள்ள, குருவி கண்ணாடியை மரமென்று நம்பாதிருக்க, அதன் முழுக்க நெருக்கமாக வெள்ளைப் பேக்கிங் பட்டைகளைத் தொங்கவிட்டாள்.

சித்திரை பிறந்தும் ஒரு குருவியும் வரவில்லை. வெயில்தான் கொளுத்தியது.

"ஏன் வின்சி, உன் குருவிக்கு பஸ் கெடைக்கலையா?" என்று கேன்டீனில் சிரித்தார்கள்.

"அது வர்றப்ப வரும். நீங்க சாப்புடுங்க" என்றாள், சாம்பாரை ஊற்றிக்கொண்டே.

மூர்த்திதான் தயங்கினார். "அடுத்த வாரம் கஸ்டமர் வர்றாங்கம்மா. கல்யாண மண்டபம் மாதிரி இருக்குது. கழட்டிரலாமா?"

"ஒரு மழ பேயட்டும் சார். வழியில எங்கியாச்சும் எறங்கித் தங்கியிருக்கும். வராம எங்க போயிரும்?"

"சரி, வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்போம்."

வியாழன் மாலை காற்றோடு மழை அடித்தது. சுற்றுவட்டாரத் தோப்புகளில் மாங்காய் உதிர்ந்தது. மறுநாள் ஜோதிமணியோடு கேட்டுக்குள் நுழையும்போதே இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்டது. புங்கமரத்தடியில் குட்டைவால் ஆட, ஈரச்சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது ஆறுமணிக்குருவி. வின்சி நகராமல் நின்றாள்.

திடீரென்று ஒரு காகம் பாய்ந்தது. குருவி எழுந்து நேராகக் கண்ணாடியை நோக்கிப் பறந்தது. பட்டைகளை நெருங்கியதும் அது சட்டென்று ஒடித்துத் திரும்பி, மதிலைத் தாண்டி மாந்தோப்புக்குள் போய்விட்டது.

கண்ணாடிக்கு உள்ளே மூர்த்தி டீ கிளாசோடு நின்றிருந்தார். வெளியே வந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"வின்சி, பின்பக்கமும் கண்ணாடிதானே? பட்ட மிச்சமிருக்குதா?"

"இருக்குது சார்," என்றாள் அவள். "ஜோதியக்கா, ஏணிய எடுங்க."